குரல் சொன்ன சமையல்

வியாழக்கிழமை வந்த அந்த ஃபோனுக்குப் பிறகு அம்மா மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் முகத்தில் களைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் குளித்து, தலை வாரி, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ஃபோனில் பேசியவன் தன் பெயரைச் சொல்லவில்லை. "கப்பல்ல எல்லாரும் என்னை ஆயில்னுதான் கூப்பிடுவாங்கம்மா. எஞ்சின் ரூம்ல எண்ணெய் போடற வேலை," என்றான். "உங்க சின்னவனும் நானும் ஒரே கப்பல். கடைசி வரைக்கும்." இப்போது அவன் வேறு கப்பலில் இருக்கிறான். அது ஞாயிறு ஒரு நாள் இந்தத் துறைமுகத்தில் நின்று மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். வந்து பார்க்கலாமா என்று கேட்டான்.

அம்மா யோசிக்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள்.

சின்னவன் அந்தக் கப்பலில் சமையல்காரன். இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்பு, காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாளில், நடுக்கடலில் காணாமல் போனான். சாயங்காலம் சாப்பாடு மேசைக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் சமையல்காரனே இல்லை என்பது தெரிந்தது. கப்பலைத் திருப்பி ஒன்றரை நாள் தேடினார்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைசியாக நடைவழியில் தென்பட்டான், அதற்குப் பிறகு எப்படிப் போனான் என்பதை யாரும் பார்க்கவில்லை என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருந்தது.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடிக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத ஒன்றை நடந்தது என்று எப்படிச் சொல்வது? வேறு கப்பல்காரர்கள் தூக்கிப் போயிருக்கலாம். எங்கோ கரை ஒதுங்கி, பேச்சு தெரியாத ஊரில், யாருக்காவது சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். அவன் அறைக் கட்டிலில் வாரம் ஒரு விரிப்பு மாற்றினாள். குளியலறையில் அவன் துண்டு தொங்கியது. சில நாள் அது ஈரமாக இருந்ததாகக்கூட மூத்தவளுக்குத் தோன்றும். தொட்டுப் பார்க்கப் பயந்து திரும்பிவிடுவாள்.

மூத்தவளுக்கு முப்பத்தைந்து வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. வேறு ஊரில் கடை புதிதாகக் கிளை திறக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டில், இந்தக் கட்டில் விரிப்போடு, அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியாது. அம்மாவும் வர மாட்டாள். "அவன் வந்து கதவு தட்டினா யாரு திறப்பா?" என்பாள்.

அதனால்தான் அன்று காலை ஒன்பது மணிக்கு, துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்குப் போய், மூத்தவள் அந்த ஆயிலுக்கு ஃபோன் செய்தாள். சமையலறையில் அம்மா கீரை அலசிக்கொண்டிருந்தாள். குழாய் முழு வேகத்தில் ஓடியது.

"நான் அவனோட அக்கா பேசறேன். ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"அம்மா உங்ககிட்ட கேப்பாங்க. அவன் போனதை நீங்க பார்த்தீங்களான்னு. பார்த்தேன்னு சொல்லிடுங்க."

மறுமுனையில் பாரம் தூக்கும் இயந்திரம் ஒன்று கிறீச்சிட்டது.

"பொய்தான். எனக்குத் தெரியும்," என்றாள் மூத்தவள். "ஒரு அலை வந்துச்சு, ஒரு நொடியில முடிஞ்சிடுச்சு, கஷ்டப்படலன்னு சொல்லுங்க. யாராவது ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னாத்தான் அவங்க அழுவாங்க. ரெண்டு வருஷமா அவங்க ஒரு சொட்டு அழலை."

"சரிக்கா," என்றான் அவன். மறுபடி, "சொல்றேன். நான் சொல்லிடறேன்," என்றான்.

முன்பின் தெரியாத ஒருவன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது மூத்தவளுக்கு லேசாக உறுத்தியது. மறுப்பான், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

சமையலறையில் சின்னவன் பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா, கோழியை இழைக்குக் குறுக்கால வெட்டணும். நெடுக்க வெட்டினா ரப்பர் மாதிரி இழுக்கும், சொல்லிட்டேன்."

அம்மாவின் ஃபோன் மிளகு டப்பாவில் சாய்ந்து நின்றது. கப்பல் கரைக்கு வருகிற போதெல்லாம் அவன் அனுப்பிய குரல் பதிவுகள் அவை. மொத்தம் ஏழு. கப்பலில் முதலில் இருந்த பெரிய சமையல்காரர் ஒரு சீனர்; பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் கற்றதை எல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவான். அம்மா அவற்றைக் கேட்பாளே தவிர, ஒரு நாளும் அதன்படி சமைத்ததில்லை. அவனே வந்து செய்யட்டும் என்று விட்டிருந்தாள். இன்றுதான் முதல் தடவை. "அவன் போட்ட நூடுல்ஸ் இன்னும் நாக்குலயே இருக்கும்மா" என்று ஆயில் ஃபோனில் சொன்னது அவளைக் கிளப்பிவிட்டிருந்தது.

"குறுக்காலதான்டா வெட்டறேன்," என்றாள் அம்மா ஃபோனைப் பார்த்து.

"அம்மா."

"என்ன?"

"அது பதிவு."

"தெரியும். எனக்கென்ன பைத்தியமா?" அம்மா எலும்பில்லாத தொடைக்கறியை மெல்லிய துண்டுகளாகப் போட்டுக்கொண்டே போனாள். "வாயைப் பாத்துட்டு சும்மா நிக்காம அந்த இஞ்சியைத் தோல் சீவு. குச்சி குச்சியா நறுக்கணும். துருவக் கூடாதாம்."

கறித் துண்டுகளில் சோயா சாஸ், சோளமாவு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு கரண்டி எண்ணெய். அம்மா கையாலேயே பிசைந்தாள். சளசளவென்று சத்தம் வந்தது. இருபது நிமிடம் ஊற வேண்டும் என்றான் சின்னவன். அவன் பேசுவதற்குப் பின்னால் எஞ்சின் ஓசை ஒரே சீராக இரைந்தது. நடுவில் யாரோ ஒருவர் சிரித்தார்.

"நம்ம வீட்டுல இத்தனை வருஷமா இதுக்குச் சீனச்சட்டின்னு பேரு வச்சிருக்கோம். அதுல ஒரு நாளாவது சீனச் சமையல் பண்ணியிருக்கியாம்மா? சட்டி கோவிச்சுக்காது?"

அம்மா சிரித்தாள். மூத்தவளுக்கும் சிரிப்பு வந்தது. செத்துப்போனவன் சொன்ன நகைச்சுவைக்கு, கத்தியும் கையுமாக, அவன் எதிரே நிற்பதைப் போல இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கீரை வடிகட்டியில் கிடந்தது. வெள்ளைத் தண்டும் கரும்பச்சை இலையுமாக இருக்கிற சீனக் கீரை. அடித்தண்டில் மண் ஒட்டியிருக்கும் என்று அம்மா நான்கு தண்ணீர் மாற்றியிருந்தாள். தண்டு தனியாக, இலை தனியாகப் பிரித்தாள். வெங்காயத்தாளிலும் வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

"தண்டு முதல்ல போடு. இலையை அடுப்பு அணைக்கிறதுக்கு முன்னாடி போட்டு ஒரு புரட்டு, அவ்வளவுதான். கீரை இல்லாம மட்டும் இதை யாருக்கும் போடாதம்மா. கீரை இல்லன்னா அது நூடுல்ஸ் இல்ல, வெறும் கயிறு."

நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டு, பக்கத்திலேயே நின்று, நடுவில் துளி வெள்ளை தெரியும்போதே வடித்தார்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவித் தட்டில் பரப்பினாள் மூத்தவள். பிறகு அம்மா சட்டியைக் காயவைத்தாள்.

"புகை வரணும். புகை வந்தா பயந்து அடுப்பைக் குறைச்சிடுவ. குறைக்காத."

அம்மாவின் கை அடுப்புத் திருகில் இருந்தது. குறைக்கத்தான் போயிருந்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூடத்துக் கதவையும் பார்த்தாள்.

கோழி சட்டியில் விழுந்ததும் எழுந்த மணம் வீட்டை நிரப்பியது. சின்னவன் விடுமுறையில் வந்து நிற்கிற நாட்களின் மணம் அது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் இல்லாத மணம். மூத்தவள் அம்மாவுக்குத் தெரியாமல் வாயால் மூச்சு விட்டாள்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது.

ஆயிலுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு. நான்காக மடித்துப் பெட்டியில் வைத்திருந்த சட்டையின் கோடுகள் மார்பில் அப்படியே தெரிந்தன. நகக்கண்களில் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு. கையில் ஒரு டீத்தூள் பொட்டலம்.

"உள்ள வாங்க," என்றாள் மூத்தவள்.

அவன் ஒரு காலைத்தான் உள்ளே வைத்தான். சமையலறையில் அம்மா கடைசிப் பதிவை மறுபடி போட்டிருந்தாள். 'கீரை இல்லன்னா அது நூடுல்ஸ் இல்ல' என்று சின்னவனின் குரல் கூடம் வரை வந்தது.

ஆயில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். "யாரு பேசறது?"

"பழைய பதிவு. அம்மா கேட்டுட்டே சமைச்சாங்க."

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

அம்மா அவனுக்கு ராஜோபசாரம் செய்தாள். அகலமான தட்டில் நூடுல்ஸ், அதன் மேல் பளபளவென்று கோழி, பச்சை மாறாத கீரை, நறுக்கிய வெங்காயத்தாள். எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு தம்பி?"

அவன் மென்றான். விழுங்கினான். "அப்படியே இருக்கும்மா."

"சும்மா சொல்லாதீங்க."

"இல்லம்மா. அவன் பண்ணின மாதிரியே இருக்கு."

அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கேள்விகள் வரிசையாக வந்தன. அவன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான், கட்டில் மேல் தட்டா கீழ் தட்டா, கப்பல் ஆடினால் வாந்தி எடுப்பானா, யாரோடாவது சண்டை போட்டானா. ஆயில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சின்னவனுக்கு மேல் கட்டில். வாந்தி முதல் மாதத்தோடு நின்றுவிட்டது. சண்டை போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் உப்பை அள்ளிப் போட்ட ஒருவனோடு.

மூத்தவள் காத்திருந்தாள். அந்த ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. அம்மா அதன் பக்கமே போகவில்லை.

ஆயில் நூடுல்ஸையும் கோழியையும் கொஞ்சம் சாப்பிட்டிருந்தான். கீரையை மட்டும் முள்கரண்டியால் ஒதுக்கித் தட்டின் விளிம்பில் சேர்த்துக்கொண்டே வந்தான். சின்னக் குவியலாக அது இருந்தது.

"கீரை பிடிக்காதா தம்பி?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

அம்மா கைகளை மேசைமேல் மடித்துவைத்துக்கொண்டாள். "சொல்லுங்க."

"அன்னைக்கு நான் பார்த்தேன்மா."

மூத்தவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பொய்யைச் சொல்லச் சொன்னது அவள்தான்.

"பின்பக்க மேல்தளத்துல அவன் கீரை வளர்த்தான்," என்றான் ஆயில். "காலி பெயின்ட் டிரம்ல மண்ணு போட்டு. அஞ்சு டிரம். கம்பியோட சேர்த்துக் கட்டியிருப்பான். கரையில வாங்கின கீரை பத்து நாள்ல அழுகிடும், அதனால. அன்னைக்கு ஒரே காத்து. யாரும் மேல போகக் கூடாதுன்னு உத்தரவு. கதவையும் பூட்டிட்டாங்க. நான் ஆறு நாளா ஜுரத்துல கிடந்து அன்னைக்குத்தான் எழுந்தேன். நாக்கு செத்துக் கிடக்கு, உன் நூடுல்ஸ் போடுடான்னு நான்தான் கேட்டேன். கோழி இருக்கு, கீரை மேல இருக்கே, கீரை இல்லாம எப்படிப் போடறதுன்னான். எங்கிட்ட எஞ்சின் ரூம் சாவிக்கொத்து இருந்துச்சு. அந்தக் கதவுக்கும் அதுல சாவி உண்டு. நான் திறந்துவிட்டேன்."

மூத்தவள் மெதுவாகத் தலை நிமிர்ந்தாள். அவள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மணி ரெண்டரை. நான் கதவைப் பிடிச்சிட்டு நின்னேன். அவன் குனிஞ்சு பறிச்சான். ஒரு கையால கம்பியைப் பிடிச்சிட்டு, பறிச்சுப் பறிச்சு சட்டைக்குள்ள போட்டுக்கிட்டான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சான். அப்பதான் அலை பக்கவாட்டுல வந்துச்சு. தண்ணி வடிஞ்சப்ப மூணு டிரம்தான் இருந்துச்சு. அவன் இல்ல."

ஆயில் தம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தான்.

"கத்தணும்னு நினைச்சேன். குரல் வரல. ஓடிப் போய் மணி அடிக்கணும். கால் நகரல. எவ்வளவு நேரம் அங்கேயே உக்காந்திருந்தேன்னு தெரியல. அப்புறம் பயம் வந்துடுச்சு. பூட்டின கதவைத் திறந்தது நான். சாவி என்னது. ஆறரை மணிக்குத் தேட ஆரம்பிச்சாங்க. அஞ்சு மணிக்கு அவனை நடைவழியில பார்த்தேன்னு ஒருத்தர் தப்பாச் சொன்னார். அஞ்சு மணிக்குக் கப்பல் இருந்த இடத்துலேர்ந்துதான் தேடினாங்க. நான் திருத்தல. அவங்க தேடின இடத்துல அவன் இல்லம்மா. அவன் இருந்த இடத்துக்கு யாரும் போகவே இல்ல."

அவன் அழவில்லை. மூச்சு மட்டும் மேலும் கீழுமாக வாங்கியது. மூத்தவள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

அம்மா அவன் தட்டின் விளிம்பிலிருந்த கீரையைப் பார்த்தாள். பிறகு, "சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"நல்லா சொன்னீங்க தம்பி," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, பரிவு இருந்தது. மகள் பக்கம் திரும்பினாள். "முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டுல உக்காந்தவடீ நான். ஒரே நேரத்துல ஆறு லைன் கேட்டவ. குழாய் ஓடினா காது அடைச்சிடும்னு நினைச்சியா?"

மூத்தவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள்.

"'ஒரு அலை வந்துச்சுன்னு சொல்லுங்க.' சொன்னியா இல்லையா? காலையிலயே கேட்டுட்டேன். அவர் வரட்டும், வந்த மனுஷனை வாசல்ல வச்சுக் கேக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்."

"அம்மா, நான் சொல்லச் சொன்னது இது இல்ல. டிரம்மு, சாவி, கீரை, இதெல்லாம் எனக்கே தெரியாது."

"கதைக்குக் கை கால் வைக்க அவருக்குத் தெரியாதா?"

"கதை இல்லம்மா," என்றான் ஆயில். "சத்தியமா நடந்தது."

"போதும் தம்பி. உங்க மேல வருத்தமே இல்ல. இவ கெஞ்சினா, உங்களுக்கு மனசு கேக்கல." அம்மாவின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. அதுதான் மூத்தவளைப் பயமுறுத்தியது. "ஆனா எனக்கு ஒண்ணு உறுதியாச்சு. நிஜமா பார்த்தவங்க இருந்திருந்தா, பொய் சொல்ல ஒரு ஆளைத் தேட வேண்டிய அவசியமே இவளுக்கு இல்ல. யாரும் பார்க்கல. அவன் எங்கேயோ இருக்கான். சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க."

அவனால் சாப்பிட முடியவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு, அம்மாவின் முன் ஒரு நிமிடம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா டீத்தூளுக்கு நன்றி சொன்னாள்.

மூத்தவள் அவனோடு படியிறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். அங்கேயே படியில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு படி கீழே நின்றான்.

"காலையில ஃபோன்ல ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்கா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே பார்த்தேன்னு சொல்லுங்கன்னு கேட்டதும், கதவு திறந்த மாதிரி இருந்துச்சு."

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

அவன் கைப்பிடிக் கம்பியைத் தடவினான்.

"கதவைச் சாத்திடாத, இதோ வந்துடறேன்னான்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அலை வந்தப்ப தண்ணி உள்ள வந்துடுச்சு. நான் சாத்திட்டேன்கா. கை தானா சாத்திடுச்சு. அப்புறம் திறந்து பார்த்தப்பதான் மூணு டிரம். இதை அம்மாகிட்ட சொல்ல முடியல. தினமும் கண்ணை மூடினா அந்தக் கதவு சாத்தற சத்தம்தான் கேக்குது."

அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கூடவே, இரண்டு வருடம் நான்கு மாதமாக இந்தச் சத்தத்தோடு எப்படி இருந்தான் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெஞ்சில் நின்றன. தம்பி செத்துவிட்டான் என்று இத்தனை நாள் அவள்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் செத்தது இப்போதுதான், இந்தப் படியில்தான் என்று தோன்றியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மேலே கேட்டுவிடக் கூடாது.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள்: "இதை விசாரணை பண்ணின ஆபீஸ்ல சொல்வீங்களா? எழுதிக் கொடுப்பீங்களா? அப்படி வந்தாத்தான் அம்மா நம்புவாங்க."

"நாளைக்குத்தான் திறப்பாங்க. ஆறு மணிக்கு என் கப்பல்."

அவள் படிச்சுவரில் தலையைச் சாய்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு சிறிய புத்தகத்தை எடுத்தான். கப்பலில் ஏறுகிறவர்கள் காட்ட வேண்டிய புத்தகம். அவன் படம், கைரேகை, வேலை பார்த்த கப்பல்களின் முத்திரைகள். அதை அவள் மடியில் வைத்தான்.

"இது இல்லாம ஏத்த மாட்டாங்க. உங்ககிட்ட இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா நான் ஓடிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்." இரண்டு படி இறங்கித் திரும்பினான். "எதிர்ல பஸ் ஸ்டாப்புல இருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அம்மா இப்படியே இருக்கட்டும்னு உங்களுக்குத் தோணினா, கொண்டு வந்து கொடுத்துடுங்க. நான் போயிடறேன், திரும்ப வர மாட்டேன். நீங்க வரலன்னா நாளைக்குக் காலையில அந்த ஆபீஸ் வாசல்ல நிப்பேன்."

அவன் செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை இடுப்பில் செருகி முந்தானையால் மறைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டார்மா."

"பாவம், சாப்பிடவே இல்ல. நல்ல பிள்ளைதான், பொய்தான் வரல அவருக்கு." அம்மா இன்னொரு தட்டை எடுத்தாள். "நீயும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உக்காரு. கீரை கொஞ்சம் கூடப் போடறேன், அதுதான் நல்லா வந்திருக்கு."

மறுக்க வழியில்லை. மூத்தவள் உட்கார்ந்தாள். நூடுல்ஸ் ஆறிச் சேர்ந்து கிடந்தது. கீரையை முள்கரண்டியால் சுருட்டி வாயில் வைத்தாள். தண்டு பல்லில் நறுக்கென்று உடைந்தது. சட்டைக்குள் பறித்துப் பறித்துப் போட்டுக்கொண்டான் என்று அந்த ஆள் சொன்னது காதில் ஓடியது. முகம் மாறாமல் மெல்ல வேண்டும். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். நிமிர்ந்தபோது அம்மா எதிரே இல்லை.

ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் ஆயில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு பஸ் வந்து நின்று போனது. அவன் எழவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை.

அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் முகம் தெரியாதவர்களின் குரலை மட்டும் கேட்டு, எது அவசரம், எது நடிப்பு என்று பிரித்தவள். பின்பக்கம் கட்டியிருந்த அவள் கைகளில் ஒன்று மற்றொன்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏன்டி," என்றாள், திரும்பாமலே. "ரெண்டரை மணின்னா சொன்னார்?"

மூத்தவள் வாயிலிருந்ததை விழுங்கினாள்.

"ஆமாம்மா," என்றாள். "ரெண்டரை."